கபடி டீமுக்கு சீசன் நோட்டு எழுதுவது எப்படி? 1958 பால்டிமோர் கோல்ட்ஸ் கணக்கோடு ஒரு பயிற்சி

பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் எங்கள் ஊர் கபடி டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையில் டீம் இல்லாத ஊர் குறைவு. ஆனால் சீசன் முழுக்க ஒரே நோட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் டீம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. "எத்தனை கப் அடிச்சோம்னு தெரியும்ணே, அது போதாதா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். போதாது. ஏன் போதாது என்பதை வாயால் சொல்வதைவிட ஒரு சீசனைக் கையில் கொடுத்துக் காட்டுவது சுலபம்.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது 1958ஆம் ஆண்டின் பால்டிமோர் கோல்ட்ஸ் சீசன். அமெரிக்கன் ஃபுட்பாலின் (நம் ஊர் கால்பந்து அல்ல) தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஆடிய அணி. அவ்வளவு தூரத்து ஆட்டம் எதற்கு என்று தோன்றலாம். நம் ஊர் அணியின் கணக்கை எடுத்தால் உடனே "ரெஃப்ரி சரியில்லை", "அவன் வேணும்னே விட்டான்" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். கோல்ட்ஸ் விஷயத்தில் யாருக்கும் கோபம் வராது, எண்கள் மட்டும்தான் பேசும். அதோடு மொத்தமே 12 லீக் ஆட்டம், ஒரு இறுதி ஆட்டம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

முதலில் பாயிண்ட் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு பக்கத்துக்கு 11 பேர். நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், முன்னால் நிற்பவனுக்கு எறியலாம். கோடு முதல் கோடு வரை 100 கெஜம். 15 நிமிடம் வீதம் 4 கால்பகுதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு கிடைக்கும். கபடி ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 2 ரெய்டு சும்மா போனால் 3ஆவது 'டூ ஆர் டை' ஆகிறதில்லையா, அந்த நெருக்கடிதான் அங்கே 4ஆவது வாய்ப்பில். ஒரே வித்தியாசம், அவர்கள் 4ஆவது வாய்ப்பில் பந்தைத் தூரமாக உதைத்து எதிராளி கையில் கொடுத்துவிட்டு, சேதாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பந்தோடு எதிராளியின் கோட்டைக் கடந்தால் டச் டவுன், 6 பாயிண்ட். உடனே ஒரு உதை உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் கூடுதலாக 1. டச் டவுன் வராது என்று தோன்றும்போது உதைத்தே எடுப்பது ஃபீல்டு கோல், 3 பாயிண்ட். எதிராளியை அவன் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் சேஃப்டி, 2. டச் டவுனுக்குப் பிறகு 2 பாயிண்டுக்கு முயலும் விதி என்.எஃப்.எல்.லில் 1994இல்தான் வந்தது, 1958இல் கிடையாது. பழைய ஸ்கோரைப் பிரித்துப் பார்க்கும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

அப்போது லீகில் 12 அணிகள், கிழக்கு 6, மேற்கு 6. இரண்டு பக்கத்திலும் முதலில் வருபவர்கள் மோதுவது சாம்பியன் ஆட்டம். கோல்ட்ஸ் மேற்கில் இருந்தது.

இப்போது நோட்டை எடுங்கள்

கடையில் கிடைக்கும் நீள நோட்டு போதும். குறுக்கே திருப்பி வைத்துக் கோடு போடுங்கள், கட்டம் அகலமாக இருக்க வேண்டும். கீழே இருக்கும் 12 ஆட்டத்தையும் உங்கள் கையால் எழுதுங்கள். ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது உதவாது. எழுதும்போதுதான் கை ஓரிடத்தில் தயங்கும், "இது ஏன் இப்படி?" என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு வரியிலும் கோல்ட்ஸ் எடுத்த பாயிண்ட் முன்னால் இருக்கிறது.

செப்டம்பர் 28, டெட்ராய்ட் லயன்ஸ், சொந்த ஊர், 28-15
அக்டோபர் 4, சிகாகோ பேர்ஸ், சொந்த ஊர், 51-38
அக்டோபர் 12, கிரீன் பே பேக்கர்ஸ், வெளியூர், 24-17
அக்டோபர் 19, லயன்ஸ், வெளியூர், 40-14
அக்டோபர் 26, வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ், சொந்த ஊர், 35-10
நவம்பர் 2, பேக்கர்ஸ், சொந்த ஊர், 56-0
நவம்பர் 9, நியூயார்க் ஜயன்ட்ஸ், வெளியூர், 21-24
நவம்பர் 16, பேர்ஸ், வெளியூர், 17-0
நவம்பர் 23, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், சொந்த ஊர், 34-7
நவம்பர் 30, சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ், சொந்த ஊர், 35-27
டிசம்பர் 6, ராம்ஸ், வெளியூர், 28-30
டிசம்பர் 14, ஃபார்ட்டி நைனர்ஸ், வெளியூர், 12-21

9 வெற்றி, 3 தோல்வி. எடுத்தது 381, கொடுத்தது 203. பெரும்பாலானவர்கள் இங்கேயே நோட்டை மூடிவிடுவார்கள். வேலை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

முதல் வேலை, வித்தியாசத்தைப் போடுவது. 381இல் 203 போனால் 178. ஆட்டத்துக்குச் சராசரியாக 15 பாயிண்டுக்குக் கொஞ்சம் கீழே. பெரிய அணிதான். ஆனால் இதில் 56-0 என்ற ஒரே ஆட்டம் 56 பாயிண்டைக் கொண்டுவந்திருக்கிறது. அந்த எதிரணி பேக்கர்ஸ் அந்த வருடம் 1 வெற்றி, 10 தோல்வி, 1 சமன் என்று முடித்த அணி. அந்த ஆட்டத்தைத் தள்ளிவிட்டு மீதி 11க்குக் கணக்குப் போடுங்கள்: 122, ஆட்டத்துக்கு 11 பாயிண்ட். இந்த 11தான் கோல்ட்ஸின் உண்மையான பலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் எண். உங்கள் டீமுக்கும் இதையே செய்யுங்கள். திருவிழாவில் பக்கத்துத் தெருப் பையன்களை 40 பாயிண்டில் அடித்த ஆட்டத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, சொந்த ஊர் வேறு, வெளியூர் வேறு. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நம் டீம்கள் இதைப் பார்ப்பதே இல்லை. கோல்ட்ஸ் பால்டிமோர் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஆடிய 6 ஆட்டத்திலும் ஜெயித்திருக்கிறது. 239 எடுத்து 97 கொடுத்திருக்கிறது. வெளியூரில் 3 வெற்றி, 3 தோல்வி. 142 எடுத்து 106 கொடுத்திருக்கிறது. அதே வீரர்கள், அதே கோச் வீப் யூபேங்க். சீசனின் 3 தோல்வியும் வெளியூர்த் தோல்வி. அந்த வருடத்து இறுதி ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில். சாம்பியன் ஆட்டத்தை ஒரு வருடம் கிழக்கு, ஒரு வருடம் மேற்கு என்று மாற்றி மாற்றி நடத்துவார்கள்; 1958 கிழக்கின் முறை. நவம்பர் 9ஆம் தேதி 3 பாயிண்டில் தோற்ற அதே ஊர், அதே எதிரணி. இந்தக் கட்டத்தைப் பிரித்து எழுதியவனுக்குத்தான் அந்த இறுதி ஆட்டத்தின் கனம் தெரியும்.

நமக்கு இந்தக் கட்டத்தில் இன்னொன்றும் சேர வேண்டும்: தரை. நாம் பழகுவது மணலில். போட்டி ஒரு ஊரில் செம்மண்ணில் நடக்கும், இன்னொரு ஊரில் மேட் விரித்திருப்பார்கள். மணலில் காலை ஊன்றி இழுத்துப் பழகியவன் மேட்டில் அதே வேகத்தில் திரும்பினால் முழங்கால் பிசகும், இல்லையென்றால் அரை நொடி தாமதிப்பான். 'வெளியூர்' என்று மட்டும் எழுதாமல் 'வெளியூர், மேட்' என்று எழுதுங்கள்.

மூன்றாவது கட்டம்தான் உயிர்

அதற்குப் பெயர் 'வராதவர்'. அன்றைக்கு யார் இல்லை, யார் அடிபட்ட காலோடு ஆடினார், யார் பாதியில் வெளியே போனார்.

கோல்ட்ஸின் பந்தை எறிகிறவர், ஆங்கிலப் பேச்சில் குவார்ட்டர்பேக், ஜானி யூனிடஸ். இவர் வந்த வழியைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1955இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 9ஆவது சுற்றில் எடுத்து, ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறக்காமல் அனுப்பிவிட்டது. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டே ஆட்டத்துக்கு 6 டாலர் கூலியில் உள்ளூர் அணி ஒன்றில் ஆடினார். 1956இல் கோல்ட்ஸ் கூப்பிட்டது, ஜார்ஜ் ஷா என்பவருக்கு மாற்றாக. ஷாவுக்கு அடிபட்டபோது யூனிடஸ் உள்ளே வந்தார், அதற்கப்புறம் அந்த இடம் அவருடையது. ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு மறுநாள் கோட்டில் வந்து நிற்கும் நம் பையன்களுக்கு இந்த ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அட்டவணைக்கு வருவோம். நவம்பர் 2, பேக்கர்ஸை 56-0 என்று அடித்த அதே ஆட்டத்தில் யூனிடஸுக்கு விலா எலும்பு முறிந்தது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் அது சீசனின் மிகச் சிறந்த நாள். வராதவர் கட்டத்தோடு பார்த்தால் மிக மோசமான நாள். அடுத்த 2 ஆட்டம் அவர் இல்லை, ஷாதான் ஆடினார். ஜயன்ட்ஸிடம் 21-24 தோல்வி, பேர்ஸிடம் 17-0 வெற்றி. அந்த 17-0ஐயும் நின்று கவனியுங்கள். முக்கியமான ஆள் இல்லாத நாளில் கோல்ட்ஸ் அதிகம் எடுக்கவில்லை, ஆனால் ஒன்றும் கொடுக்கவில்லை. அக்டோபரில் அதே பேர்ஸுக்கு 38 கொடுத்த தற்காப்பு அது. ரெய்டர் இல்லாத நாளில் பிடி நின்றிருக்கிறது என்று நம் பாஷையில் சொல்லலாம். நவம்பர் 23 யூனிடஸ் திரும்பி வந்தார், ராம்ஸ் 34-7.

நம் கரையில் இந்தக் கட்டத்தை நிரப்ப ஆஸ்பத்திரிச் செய்தி போதாது, கடல் செய்தியும் வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு போகும் நாள் திங்கள், புதன், சனி. சனிக்கிழமை போனவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்கு வருவான். மீனை இறக்கி, படகைக் கழுவிவிட்டு, நேராக மைதானத்துக்கு. எங்கள் டீம் கேப்டன் ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, லீக்ல தோத்ததெல்லாம் ஞாயிறு காலை மேட்ச்சா இருக்கேண்ணே" என்றான். நான் அதுவரை அவனிடம் அதைச் சொல்லவே இல்லை. கட்டம் சொன்னது. அதற்கப்புறம் நுழைவுக் கட்டணம் கட்டும்போதே, எங்கள் முதல் ஆட்டத்தைச் சாயங்காலம் போட முடியுமா என்று கமிட்டியில் கேட்கிறோம். கிடைக்கும் இடத்தில் கிடைக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஆள் முழுசாகக் கரையில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை வேறு நிற மையில் எழுதுங்கள். தடைக்கால ஸ்கோரும் மற்ற மாத ஸ்கோரும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான் உங்கள் டீம் எத்தனை பேரை நம்பி இருக்கிறது என்பதற்கு அளவு.

நான்காவது கட்டம், பந்தயம் என்ன

அன்றைக்கு ஜெயித்தால் என்ன கிடைக்கும், தோற்றால் என்ன போகும் என்று இரண்டு வார்த்தை. கோல்ட்ஸ் கடைசி 2 ஆட்டமும் தோற்றது. இதை மட்டும் படித்தவன், சீசன் முடிவில் அணி தளர்ந்துவிட்டது என்று எழுதிவிடுவான். ஆனால் நவம்பர் 30 வரியைப் பாருங்கள். ஃபார்ட்டி நைனர்ஸ் பாதி ஆட்டத்தில் 27-7 என்று முன்னால் இருந்தது. 20 பாயிண்ட் பின்னால் இருந்த கோல்ட்ஸ் அடுத்த பாதியில் 28 எடுத்தது, எதிராளிக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. 35-27. அந்த ஜெயிப்போடு மேற்குப் பிரிவு கோல்ட்ஸ் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் நடந்த 2 ஆட்டமும் நாட்டின் மறுகோடியில், மேற்குக் கரையில். தோற்றாலும் இடம் போகாது.

இப்போது 4 கட்டத்தையும் சேர்த்து வாசியுங்கள். 3 தோல்வியில் ஒன்று யூனிடஸ் இல்லாதது, மற்ற இரண்டு எல்லாம் முடிவான பிறகு வந்தது. யூனிடஸ் இறங்கி, ஜெயித்தே ஆக வேண்டியிருந்த ஆட்டங்களை மட்டும் எண்ணினால் 8க்கு 8. 9-3 என்ற எண்ணுக்குள் இப்படி ஒரு அணி ஒளிந்திருக்கிறது.

இறுதி ஆட்டத்துக்குத் தனிப் பக்கம்

டிசம்பர் 28, 1958. எதிரணி ஜயன்ட்ஸ். அவர்கள் பக்கம் தாக்குதலைப் பார்த்துக்கொண்டவர் வின்ஸ் லொம்பார்டி, தற்காப்பைப் பார்த்துக்கொண்டவர் டாம் லாண்ட்ரி; இருவரும் பின்னாளில் பெரிய கோச்சுகள். இடைவேளையில் கோல்ட்ஸ் 14-3. அப்புறம் ஜயன்ட்ஸ் எழுந்து 17-14 என்று முந்தியது. கடைசி நிமிடங்களில் பந்து கோல்ட்ஸின் சொந்த 14 கெஜக் கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து யூனிடஸ், ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து 3 எறிந்தார்: 25, 15, 22 கெஜம். மூன்றும் சேர்ந்து 62. பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இருவரும் நின்று, பெர்ரி எந்த அடியில் திரும்புவார், பந்து எப்போது வந்து சேர வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழகியவர்கள். பெர்ரி அன்று மொத்தம் 12 பந்து பிடித்தார், 178 கெஜம். 7 நொடி மிச்சம் இருக்கும்போது ஸ்டீவ் மைரா 20 கெஜத்திலிருந்து உதைத்தார். 17-17.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கணக்கை இன்றைய கணக்கோடு ஒட்டிப் பார்க்கும்போது மைதானமும் அதேதானா என்று பாருங்கள். அன்று கம்பம் கோல் கோட்டின் மேலேயே நின்றது. 1974இல்தான் 10 கெஜம் பின்னால் தள்ளினார்கள். மைராவின் 20 கெஜ உதை இன்றைக்கு 30 கெஜம். கபடியிலும் இப்படித்தான், மண் தரை காலத்து ஸ்கோரையும் போனஸ் கோடு, 30 நொடி ரெய்டு எல்லாம் வந்த பிறகு எடுத்த ஸ்கோரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

சமன் ஆனதால் கூடுதல் நேரம். அதில் முதலில் பாயிண்ட் எடுப்பவருக்கே ஜெயிப்பு. சாம்பியன் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் முடிவானது அந்த லீகில் அதுவே முதல் முறை. ஜயன்ட்ஸுக்கு முதலில் பந்து கிடைத்தது, முன்னேற முடியாமல் உதைத்துக் கொடுத்தது. கோல்ட்ஸ் 80 கெஜத்தை 13 முயற்சியில் கடந்தது. கடைசி 1 கெஜத்தை ஆலன் அமீச்சி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடிக் கடந்தார். 23-17. டச் டவுனுக்கு அப்புறம் வரும் 1 பாயிண்ட் எங்கே என்று கேட்பீர்கள். ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது, உதைக்கத் தேவையில்லை. ஸ்கோரில் ஒரு எண் குறைந்தால் அதற்கும் காரணம் எழுதப் பழகுங்கள்.

உங்கள் நோட்டுக்கு

கட்டங்கள் இவை: தேதியும் கிழமையும், நேரம், ஊர், தரை, எதிரணி, பாதி ஆட்ட ஸ்கோர், முடிவு ஸ்கோர், வராதவர், பந்தயம். ரெய்டு பாயிண்ட், பிடி பாயிண்ட், போனஸ், லோனா ஆகியவற்றைப் பின்பக்கம் தனியாக எழுதலாம். முன்பக்கத்தில் திணித்தால் எதுவும் தெரியாது. பாதி ஆட்ட ஸ்கோரை விட்டுவிடாதீர்கள். நவம்பர் 30 ஆட்டத்தில் '35-27' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த 27-7 தெரிந்திருக்குமா?

அன்று ராத்திரியே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் ஜெயித்தவன் வாயும் தோற்றவன் வாயும் ஸ்கோரை மாற்றியிருக்கும். ஜெல் பேனா வேண்டாம். வியர்வைக் கை பட்டாலும் வாடைக்காற்று காலத்து ஈரம் பட்டாலும் ஊறிப் பரவும். பால்பாயிண்ட் அல்லது பென்சில். நோட்டை பாலிதீன் கவரில் போட்டு வையுங்கள். ஒரே ஆள் எழுதட்டும், ஆனால் கேப்டனும் இன்னொரு வீரரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

கோல்ட்ஸ் பக்கம் முடிந்துவிட்டால் அதே இறுதி ஆட்டத்தை ஜயன்ட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அவர்களும் 9-3தான். டிசம்பர் 14ஆம் தேதி கிளீவ்லாந்து பிரவுன்ஸை 13-10 என்று ஜெயித்தார்கள், பனி கொட்டும்போது பேட் சம்மரால் 49 கெஜத்திலிருந்து உதைத்த உதையால். அதனால் இரு அணியும் கிழக்கில் சமம். டிசம்பர் 21ஆம் தேதி மறுபடி அதே பிரவுன்ஸோடு மோதி 10-0. அடுத்த ஞாயிறு கோல்ட்ஸ். தோற்றால் சீசனே போய்விடும் என்ற ஆட்டம் அவர்களுக்குத் தொடர்ந்து 3. அதே டிசம்பரில் கோல்ட்ஸுக்கு இறுதி ஆட்டம் ஒன்றுதான். அப்புறம் 1959ஐ எடுங்கள்: கோல்ட்ஸ் மறுபடியும் 9-3, இறுதியில் மறுபடியும் ஜயன்ட்ஸ், இந்தத் தடவை பால்டிமோரில், 31-16. இரண்டு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோற்ற 6 லீக் ஆட்டத்துக்கும் 'வராதவர்', 'பந்தயம்' கட்டங்களை நிரப்பிப் பாருங்கள்.